பெயிண்ட் ஷாப்புக்குப் பின்னால் ஓடிய தண்ணீர்

கிள்ளானுக்கு வெளியே, துறைமுகச் சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்த அந்தக் கார் தொழிற்சாலையில் நாராயணன் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. முதல் பத்து வருடம் பெயிண்ட் ஷாப்பில் சூப்பர்வைசர். 1990-இல் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வோர் ஆலையிலும் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு மேனேஜர் இருக்க வேண்டும் என்றது அது. ஆலைத் தலைவர் மிஸ்டர் டியோ இரண்டு நாள் யோசித்தார். இரசாயனம் படித்தவன், யாரோடும் சண்டைக்குப் போகாதவன் என்ற இரண்டு காரணங்களுக்காக நாராயணனைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

நாராயணன் அதை வெறும் நாற்காலியாக நினைக்கவில்லை. வெல்டிங் புகையை இழுத்து வெளியேற்றக் குழாய் போட வைத்தார். கழிவு எண்ணெயைத் தனியாகப் பிடித்து வைக்கச் செய்தார். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் நூற்றிருபது அங்சானா மரக்கன்றுகள் நட்டார். அவற்றில் நூற்றுப்பத்து பிழைத்தன. கம்பெனியின் சுற்றுச்சூழல் கொள்கை என்று பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சிறு புத்தகத்தையும் அவரே எழுதினார். "எங்கள் ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு சொட்டு நீருக்கும் நாங்கள் பொறுப்பு" என்பது அதன் முதல் வரி. எழுதிய நாளில் அந்த வரியை அவர் முழுதாக நம்பினார்.

1994 ஜூலையில் மருந்து பம்ப் கெட்டது.

பெயிண்ட் அடிக்கும் முன் காரின் உடம்பைத் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியம் கலந்த தண்ணீரில் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் லேசான மஞ்சளாக இருக்கும். மஞ்சளில்தான் விஷம். தொழிற்சாலையின் பின்பக்கத்தில் இருந்த சுத்திகரிப்புத் தொட்டியில் அளவாக மருந்து விட்டால் மஞ்சள் போய்ச் சேறாக அடியில் படியும்; மேலே தெளிந்த தண்ணீரை லோங்காங் என்கிற பெரிய வெளிச்சாக்கடையில் திறந்துவிடுவார்கள். மருந்தை அளவாக விடுவது அந்த பம்ப். புது பம்ப் வெளிநாட்டிலிருந்து வர இரண்டரை மாதம் ஆகும் என்றார்கள்.

அதுவரை கையால் ஊற்றிச் சமாளிப்பது என்று முடிவானது. பகலில் பிரச்சினை இல்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அய்யாவு, அரை மணிக்கு ஒரு முறை வாளியில் மருந்தைக் கரைத்து ஊற்றிவிடுவார். இரவு ஷிப்ட்டில் இருந்த இரண்டு பேருக்கு பாய்லரையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் நினைத்தபோது ஊற்றினார்கள்.

முதல் வாரத்திலேயே, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சந்திரகலா ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அறைக்கு வந்தாள். செமினியிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வரும் பெண். அதிகம் பேசமாட்டாள்.

"சார், காலைல ஏழு மணி சாம்பிள்" என்றாள்.

குழாய்க்குள் இருந்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. தண்ணீரில் அந்த விஷம் மிச்சமிருந்தால் சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டதும் இப்படி ஊதாவாக மாறும்.

"பதினோரு மணி சாம்பிள் எப்படி இருக்கு?"

"அது க்ளீன் சார். அய்யாவு அண்ணன் வந்து ஊத்தினப்புறம் சரியாயிடுது."

"ஃபார்ம்ல ஒரு நாளைக்கு ஒரு நம்பர்தானே கேக்குறாங்க?"

"ஆமா சார்."

"பதினோரு மணி நம்பரப் போடும்மா."

சந்திரகலா குழாயை ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது பொய்யில்லை என்று நாராயணன் தனக்குள் சொல்லிக்கொண்டார். பதினோரு மணிக்கு அந்தத் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போகும் அறிக்கையில் முப்பத்தொரு சுத்தமான எண்கள் வரிசையாக நின்றன. கீழே அவர் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் அறிக்கையிலும் போட்டார்.

பயம் உடனே வரவில்லை. செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கேண்டீனில் டீ குடிக்கும்போது அய்யாவு சாதாரணமாக ஒரு பேச்சை எடுத்தார்.

"சார், நம்ம லோங்காங் போய் ஒரு கம்பத்துக் குடியிருப்புக்குள்ள நுழையுதுல்ல, அங்க நம்ம ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க. எஸ்டேட்ட வித்தப்போ வெளிய வந்தவங்க. லோங்காங் ஓரமா கங்கோங் கீரை போட்டிருக்காங்க. நல்லா தளதளன்னு வருது."

"கங்கோங்கா? சாப்பிடவா?"

"பாசார்ல கொண்டுபோய் விக்கிறாங்க சார். வீட்லயும் ஆக்குவாங்கதான்."

நாராயணன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். அய்யாவு அதைக் கவனிக்கவில்லை. தன் மகளின் கல்யாணப் பேச்சுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மனைவி அலமேலு தட்டில் கீரை வைத்தபோது நாராயணனின் கை பின்வாங்கியது. "எங்க வாங்கின?" என்று கேட்டார். "எப்பவும் வாங்குற கடதான். ஏன்?" என்றாள். தட்டைத் தள்ளி வைத்தார். மேசைமேல் டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் இலாகாவிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸில் கொஞ்சம் வேலை என்று அலமேலுவிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். ஃபெடரல் ஹைவேயில் கிள்ளான் வந்து, தொழிற்சாலை வாசலைத் தாண்டி, லோங்காங்கை ஒட்டிய செம்மண் பாதையில் திரும்பினார். செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக அரை மைல் போனதும் பாதை குறுகியது. காரை நிறுத்திவிட்டு நடந்தார்.

இருபது முப்பது பலகை வீடுகள். துத்தநாகத் தகரக் கூரை. ஒரு வீட்டு ரேடியோவில் பக்திப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லோங்காங்கின் இரண்டு கரையிலும், அய்யாவு சொன்னதுபோலவே, கங்கோங் பச்சைப் பசேல் என்று தழைத்துக் கிடந்தது. அதன் நடுவே முழங்கால் அளவுத் தண்ணீரில், கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் கீரை அறுத்துக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கிய வயது. அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"யாரப் பாக்கணும் சார்?"

என்ன சொல்வது என்று அவர் யோசித்து வரவில்லை. "நிலம் பாக்க வந்தேன்க்கா. இந்தப் பக்கம் நிலம் விக்கிறதா சொன்னாங்க" என்றார்.

"இங்க ஏது நிலம்? நாங்களே எப்ப காலி பண்ணச் சொல்வாங்கன்னு ஒக்காந்திருக்கோம்." சிரித்துக்கொண்டே கரை ஏறினாள். "வெயில்ல நிக்காதீங்க. வாங்க, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவள் பெயர் மாரியாயி. கேரித் தீவில் பிறந்தவள். கணவர் போய் ஆறு வருடம். ஒரே மகன் பந்திங்கில் குடும்பத்தோடு இருந்தான். இதையெல்லாம் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். வாசலில் இருந்த பெஞ்சில் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கையில் இருந்த கட்டைத் தரையில் வைத்தாள். அப்போதுதான் அவர் அவள் விரல்களைப் பார்த்தார்.

நகத்தைச் சுற்றியும் விரல் இடுக்கிலும் சின்னச் சின்னப் புண்கள். வட்டமாக, பென்சில் முனையால் குத்தி எடுத்ததுபோல் நடுவில் குழி விழுந்திருந்தன. கணுக்காலிலும் நாலைந்து. நாராயணன் அந்தப் புண்ணை ஒரு முறை பார்த்திருந்தார். பெயிண்ட் ஷாப் பாதுகாப்புக் கையேட்டில், இருபத்துமூன்றாம் பக்கத்தில், ஒரு தொழிலாளியின் கைப்படம். கையுறை இல்லாமல் குரோமியத் தண்ணீரில் கைவைக்கக் கூடாது என்பதற்காகப் போட்டிருந்த படம்.

"கையில என்னக்கா?" குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"சேத்துப்புண்ணு. தண்ணியிலயே நிக்கிறோம்ல. ரெண்டு மாசமா ஆற மாட்டேங்குது. மஞ்சள் அரைச்சுப் போடுறேன். இந்த வரிசையில எல்லாருக்கும் இருக்கு."

ரெண்டு மாசம். அவர் மனம் தானாகவே ஜூலைக்குப் போய் எண்ணிக்கொண்டு திரும்பி வந்தது.

மாரியாயி உள்ளே போனாள். கதவு வழியாகப் பின்கட்டு தெரிந்தது. சிமெண்டு வளையம் வைத்த ஒரு கிணறு. அதிலிருந்து லோங்காங் பத்தடி தூரம்கூட இல்லை. அவள் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினாள். கெட்டிலில் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

"பைப் தண்ணி இல்லையாக்கா?"

"முனையில ஒரு பொதுப் பைப்பு இருக்கு சார். காலைல சொட்டுச் சொட்டா வரும். குடிக்க ஒரு கொடம் புடிச்சு வச்சிப்பேன். இன்னிக்குப் புடிக்கல. கொதிக்க வச்சா எல்லாத் தண்ணியும் ஒன்னுதான லா."

கொதித்தால் கிருமி சாகும். இது சாகாது. அதைச் சொல்ல நாராயணன் வாயைத் திறந்தார். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். அதற்குப் பதில் சொன்னால், நீங்க யாரு என்பாள். வாய் மூடிக்கொண்டது. கெட்டில் பாடத் தொடங்கியது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். பெஞ்சிலிருந்து கார்வரை இருநூறு அடிதான், எழவில்லை.

காப்பி வந்தது. கண்ணாடித் தம்ளரில், ஆவி பறக்க, கறுப்பாக. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாரியாயி தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"குடிங்க சார். சீனி பத்தலன்னா சொல்லுங்க."

அவள் ஒரு வாய் குடித்தாள். அவர் தம்ளரை உதட்டில் வைத்தார். நாக்கில் உலோகச் சுவை பட்டதுபோல் இருந்தது. அது பயத்தின் சுவையா, தண்ணீரின் சுவையா என்று தெரியவில்லை. விழுங்கினார். பிறகு, நிறுத்தினால் குடிக்க முடியாது என்ற பயத்தில், சூட்டைப் பார்க்காமல் முழுவதையும் குடித்துவிட்டார்.

"பசி போல" என்று மாரியாயி சிரித்தாள். "இன்னொன்னு போடவா?"

"வேணாங்க்கா" என்று எழுந்தார். கிளம்பும்போது அவள் இரண்டு கட்டு கங்கோங்கை வாழைநாரால் கட்டிக் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. செம்பனைத் தோட்டத்தருகே காரை நிறுத்தி அதைப் புதருக்குள் எறிந்தார். பிறகு அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தார். சந்திரகலா அன்றைக்கென்று சீக்கிரம் வந்திருந்தாள். லோங்காங் வாயில் அவரே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தார். அவள் சோதனை மருந்தை விட்டாள். முதல் சொட்டிலேயே ஊதா. குழாயின் மறுபக்கம் வெளிச்சம் தெரியாத அளவுக்கு அடர்ந்த ஊதா.

"இவ்வளவு இதுக்கு முன்ன வந்ததில்ல சார். நைட்ல ஒருத்தரும் ஊத்தல போல" என்றாள். கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டாள். "சார், எனக்கு பயமா இருக்கு. நம்பர எழுதுறது நான். எல்லா நோட்டிலயும் என் கையெழுத்து இருக்கு."

"உன் பேருக்குக் கீழ என் பேரு இருக்கும்மா" என்றார். அவளைத் தைரியப்படுத்தச் சொன்னது, சொல்லி முடித்ததும் அவரையே பயமுறுத்தியது.

எட்டு மணிக்கு மிஸ்டர் டியோவின் அறைக்குப் போனார். மேசைமேல் வியாழக்கிழமைக்கான நிகழ்ச்சி நிரல் விரித்துக் கிடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். மரம் நடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். இந்த வட்டாரத்திலேயே சுற்றுச்சூழலுக்கு முன்மாதிரி ஆலை என்று அறிவிக்கப் போகிறார்கள். நாராயணன் எழுதிய சிறு புத்தகத்தைப் புது அட்டை போட்டு அச்சடித்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

நாராயணன் எல்லாவற்றையும் சொன்னார். ஊதாக் குழாயை, கங்கோங்கை, கைப்புண்ணை, கிணற்றை. பம்ப் வரும்வரை பெயிண்ட் லைனை நிறுத்த வேண்டும் என்றார்.

டியோ குறுக்கே பேசாமல் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. நாராயணனின் அப்பா இறந்தபோது மூன்று நாள் வீட்டுக்கு வந்துபோனவர். முடிவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லைனை நிறுத்தினால் எழுநூறு பேர் சும்மா நிற்பார்கள். வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு நான் நிற்கும் ஆலையையா காட்டுவது? இன்னும் மூன்று வாரத்தில் பம்ப் வந்துவிடும்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாரா, ஜூலை அறிக்கையில் கையெழுத்துப் போட்டது யார்? ஆகஸ்ட்? நான் போடவில்லை. இதை நீ வெளியே கொண்டுபோனால் முதலில் யாரைக் கேட்பார்கள் என்று யோசித்துப் பார். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

அது மிரட்டலாக இருந்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். அதில் அக்கறை இருந்தது. அதனால்தான் பயம் இன்னும் கூடியது. தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கோர்ட், வக்கீல், பத்திரிகையில் பெயர், ஜெயில் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றது. பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அலமேலு எப்படி வெளியே போவாள்? அப்படியே திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. அந்த இரண்டு நாளும் லோங்காங்கில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு எழுந்து சுத்திகரிப்புத் தொட்டிக்கு நடந்தார். துணிச்சல் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இன்னொரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணே, வெளி வால்வ மூடணும்" என்றார் அய்யாவுவிடம்.

அய்யாவு அவர் முகத்தைப் பார்த்தார். "மூடினா தொட்டி நெறஞ்சிடும் சார். ரெண்டு மணி நேரம்கூட தாங்காது."

"தெரியும். நெறஞ்சா ஃப்ளோட் மேல ஏறி தண்ணிய கட் பண்ணிடும். பெயிண்ட் லைன் நிக்கும். நான் மூடுறேன். நீங்க தொடாதீங்க. யாரு கேட்டாலும் நாராயணன்தான் மூடினாருன்னு சொல்லுங்க."

அந்த இரும்புச் சக்கரம் வருடக்கணக்கில் திருப்பப்படாமல் இறுகிக் கிடந்தது. நாராயணன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அய்யாவு, ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து சக்கரத்தில் மாட்டி மறுபக்கம் பிடித்தார். கிறீச்சென்று திரும்பியது. லோங்காங் வாயில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது.

இனி காத்திருப்பதுதான். தொட்டிச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் அளவுக்கோடுகள் இருந்தன. ஒன்பது மணிக்குத் தண்ணீர் நாலாவது கோட்டைத் தொட்டது. ஒன்பதரைக்கு ஆறாவது கோடு. அப்போதுதான் நாராயணனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த ஃப்ளோட்டை, தண்ணீரோடு மேலேறி உள்குழாயை மூட வேண்டிய மிதவையை, யாரும் எப்போதும் சோதித்துப் பார்த்ததில்லை. தொட்டி கட்டிய நாளிலிருந்து அதற்கு வேலையே வந்ததில்லை. அது துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் நிற்காது. தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்து, மஞ்சளோடு மொத்தமாக லோங்காங்கில் விழும். இரண்டு மாதத்தில் போனதைவிட அதிகம் அரை மணியில் போகும். நிறுத்தப் போனவன் கையாலேயே.

"அண்ணே, ஃப்ளோட் வேல செய்யுமா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்" என்றார் அய்யாவு.

எட்டாவது கோடு. தொட்டி முழுவதும் இளமஞ்சளாக அசைந்துகொண்டிருந்தது. அய்யாவு இரண்டு வாளி மருந்தை ஒன்றாகக் கரைத்து ஊற்றினார். அந்த அளவுத் தண்ணீருக்கு அது எந்த மூலைக்கு? நாராயணனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரும்பத் திறந்துவிடலாம் என்று கை சக்கரத்துக்குப் போனது. எடுத்துக்கொண்டார். மறுபடியும் போனது.

பத்தேகாலுக்கு மிஸ்டர் டியோ வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட இரண்டு சூப்பர்வைசர்கள். டியோ நாராயணனிடம் பேசவில்லை. நேராக அய்யாவுவைப் பார்த்து, வால்வைத் திற என்று மலாயில் சொன்னார்.

அய்யாவு இருபத்திரண்டு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் இருப்பவர். மார்ச்சில் மகள் கல்யாணம். நாராயணனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தார்.

"கை வலிக்குது பாஸ்" என்றார் அய்யாவு. "ரொம்ப டைட்டா இருக்கு. என்னால முடியாது."

டியோ சூப்பர்வைசர்களின் பக்கம் திரும்பினார். அவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தாவது கோடு, கடைசிக் கோடு, மறைந்துகொண்டிருந்தது. தொட்டியின் விளிம்புக்கு இன்னும் நாலு விரல். மூன்று விரல். நாராயணன் கண்ணை மூடிக்கொண்டார்.

டக் என்று ஒரு சத்தம். தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்த தண்ணீரின் இரைச்சல் நின்றது. பிறகு, பெயிண்ட் ஷாப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் காற்றாடிகள் ஓய்ந்தன. கன்வேயர் நின்றது. பதினான்கு வருடத்தில் அந்த ஆலை வேலை நேரத்தில் அவ்வளவு அமைதியாக இருந்து அவர் கேட்டதில்லை. தூரத்தில் யாரோ, என்ன ஆச்சு என்று கத்திக் கேட்டது இங்கே தெளிவாக விழுந்தது.

டியோ தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ உன்னை முடித்துக்கொண்டாய், நாரா" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அதே மாதிரி பம்ப் ஒன்று சும்மா கிடந்தது. அன்று மாலை நாலு மணிக்குள் அதை இரவல் வாங்கி வந்து மாட்டிவிட்டார்கள். மூன்று போன் பேசியதில் கிடைத்தது அது. ஜூலையில் அந்த மூன்று போனை யாரும் பேசவில்லை, நாராயணனும் பேசவில்லை. பின்னாளில் அவர் எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்கவில்லை. அய்யாவு ராத்திரி முழுக்க இருந்து தொட்டித் தண்ணீருக்கு மருந்து விட்டு முடித்தார். வியாழக்கிழமை சந்திரகலாவின் ஏழு மணிச் சோதனையில் தண்ணீர் நிறம் மாறவே இல்லை. லைன் ஓடியது. விருந்தாளிகள் வந்தார்கள், மரம் நட்டார்கள், சிறு புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாராட்டினார்கள். அதை எழுதியவரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. அவர் தன் அறையில் உட்கார்ந்து இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மாத அறிக்கையும் தவறு, எண்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது நான், ஆய்வுக்கூடப் பெண்ணுக்கு அதில் பொறுப்பில்லை என்று எழுதினார். தபால் பெட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் போட்டார்.

பிறகு கம்பத்துக்குப் போனார். இந்த முறை நிலம் பார்க்க வந்ததாகச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே, தான் யார், தண்ணீரில் என்ன வந்தது, எத்தனை நாளாக வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். கங்கோங்கை அறுக்க வேண்டாம், கிணற்றைத் தொட வேண்டாம் என்றார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பிடிக்க வந்தான். மாரியாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னிக்கு வந்தப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அந்தக் காப்பியக் குடிச்சீங்களா?"

"ஆமாக்கா."

அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். "நீங்க தெரிஞ்சு ஒரு நாள் குடிச்சீங்க. நாங்க தெரியாம எத்தன நாளு குடிச்சோம்" என்றாள். "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலு நாளாவது மிச்சமாயிருக்கும்ல."

இலாகா அதிகாரிகள் வந்தார்கள். கிணற்றை மூடினார்கள். கம்பெனி தினமும் ஒரு தண்ணீர் லோரி அனுப்பியது. மூன்று மாதத்தில் பைப்பும் போட்டுக் கொடுத்தது. கோர்ட்டில் கம்பெனிக்கு அபராதம் விழுந்தது. நாராயணனை நாலு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். அவரே முன்வந்து சொன்னதால் வழக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த முடிவு வரும்வரை ஏழு மாதம், வாசலில் எந்தக் கார் நின்றாலும் அலமேலுவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வேலை நவம்பரிலேயே போய்விட்டது. அய்யாவுவை வேலையிலிருந்து நீக்கவில்லை, சந்திரகலாவைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள்தான் செமினியில் ஒரு சிறு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் ஆள் தேடுவதாகத் தகவல் சொன்னாள். நாராயணன் அங்கே பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

கம்பத்தில் நாற்பத்தொரு பேருக்கு அரசாங்க மருத்துவமனையில் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். கைப்புண்கள் ஆறின. முப்பத்தொன்பது பேருக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இரண்டு பேருக்குச் சிறுநீரகத்தில் கொஞ்சம் சந்தேகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது தண்ணீரால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்த இரண்டு பேரில் மாரியாயி ஒருத்தி.

பந்திங்கிலிருந்து மகன் வந்து கூட்டிப்போக முடியாத நாட்களில் நாராயணன் போவார். முதல் தடவை அவள் காரில் ஏற மறுத்து பஸ்ஸில் வந்தாள். இரண்டாவது தடவை மழை. பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். போகிற வழியில் பேசமாட்டாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டுவாள். அவர் எடுத்துக்கொள்வார். உள்ளேயிருந்து நர்ஸ் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். கையில் இருக்கும் பிஸ்கட்டைக் கடிக்காமல், நாராயணன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.